குராசாவில் ஒரு பகல்: கப்பல் டூர் வாங்கலாமா, நாமே சுற்றலாமா?

#1 வடக்குவீதி

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து தென் கரீபியன் க்ரூஸ் போகிறோம். அப்பா, அம்மா, மனைவி, எட்டு வயதுப் பையன், நான். குராசாவில் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. கப்பலில் விற்கும் டூர் தலைக்கு 90 டாலர் சொல்கிறார்கள். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது.

அம்மாவுக்கு முட்டிவலி, கைத்தடியோடு மெதுவாக நடப்பார். அப்பா, அம்மா இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பையனுக்குக் கடல் வேண்டும். மனைவிக்கு அந்தக் கலர் கலர் கட்டடங்களுக்கு முன்னால் போட்டோ வேண்டும். சண்டை இல்லாமல் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பினால் எனக்குப் போதும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 உப்புக்காற்று

வில்லம்ஸ்டாட்டில் (குராசாவின் தலைநகரம், கப்பல் நிற்கும் ஊர்) டூர் வாங்குவது தண்டம். எல்லாத் துறைமுகத்துக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். சில ஊர்களில் கப்பல் நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமே இருக்காது. வேலி போட்ட கடைத்தெருவைத் தாண்டினால் வெறும் நெடுஞ்சாலை. இங்கே இறங்கினாலே ஊர்தான்.

பெரிய கப்பல் என்றால் வெளியே மெகா பியரிலோ, பக்கத்திலிருக்கும் தூலா பியரிலோ கட்டுவார்கள். சிறியது என்றால் கால்வாய்க்குள்ளேயே மேத்தி வார்ஃபில். எதுவானாலும் ஒட்ரொபாண்டா கரைதான், அதாவது ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாயின் மேற்குக் கரை. மெகா பியரிலிருந்து ரிஃப் கோட்டை வழியாக (1828இல் கட்டியது, இப்போது உள்ளே கடைகளும் உணவகங்களும்) பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் மிதவைப் பாலம். அம்மாவுக்கு அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்துக்குக் கிழக்கே பழைய நகரம். அந்தப் பகுதியின் பெயரைத் தமிழில் எழுதினால் நிர்வாகி பதிவையே தூக்கிவிடுவார், மேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 1997இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர் இது. நீங்கள் கேட்ட கலர் கட்டட வரிசைக்கு ஹாண்டல்ஸ்காடே என்று பெயர், பாலத்தில் ஏறும்போதே எதிரே நிற்கும். தரை சமதளம், தெருக்கள் குறுகல், நிழலும் கிடைக்கும். அம்மா சமாளிப்பார்.

#3 டாலஸ்காரன்

டூர் இருக்கட்டும், முதலில் விசாவைச் சொல்லுங்கள். நீங்கள் எச்1பியா (அமெரிக்க வேலை விசா)? பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டதா? ஐ-797 அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதே என்று கப்பல் ஏறிவிடாதீர்கள். காலாவதியான ஸ்டாம்ப்போடு 30 நாளுக்குள் திரும்பலாம் என்ற சலுகை எச்1பிக்குக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கும் அது செல்லும் என்பது எஃப், ஜே (மாணவர், பரிமாற்றத் திட்ட) விசாக்காரர்களுக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாட்ஸ்அப் குழுக்களில் அறிவுரை சொல்பவர்கள் ஏராளம்.

பெற்றோருக்குப் பல முறை நுழையும் பி1/பி2 விசிட்டர் விசா இருந்தால் அமெரிக்கா திரும்புவதில் சிக்கல் இல்லை. குராசாவில் க்ரூஸ் பயணியாக ஒரு பகல் இறங்குவதற்குத் தனி விசா கேட்பதில்லை. ஆனாலும் இந்திய பாஸ்போர்ட் என்று சொல்லிக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள் கவுண்டர்தான்.

#4 அலைமேல்பலகை

உப்புக்காற்று அண்ணா, கரீபியன் வரைக்கும் போய்விட்டுக் கட்டடம் பார்க்கச் சொல்கிறீர்களே! குராசாவின் அழகெல்லாம் மேற்கு ஓரத்தில்தான். கெனெபா கிராந்தி கடற்கரை (டச்சில் குரோட்டே க்னிப்), ப்ளாயா லாகுன், காஸ் அபாவ். தண்ணீரின் நிறம் போட்டோவில் வருவதேயில்லை. வெஸ்ட்புண்ட் பக்கம் ப்ளாயா பிஸ்காடோவில் மீனவர்கள் மீன் கழுவிக் கழிவைத் தண்ணீரில் போடுவார்கள், கடலாமைகள் அதற்காகவே வந்து சுற்றும். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகமூடியைப் போட்டுக் குனிந்தால் காலுக்குப் பக்கத்திலேயே ஆமை போகும். பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஒரு வண்டி எடுங்கள், போய்ச் சேர ஒரு மணி நேரம் கூட ஆகாது.

#5 உப்புக்காற்று

தம்பி, ஒரு மணி நேரம் ஆகாது, சரி. வண்டி எடுக்க வரிசை, படிவம், வழி தேடல், பார்க்கிங், திரும்பி வந்து வண்டியை ஒப்படைப்பது, இதையும் சேருங்கள். 8 மணிக்குக் கப்பல் கட்டினால் எட்டரைக்கு முன்னால் இறங்க முடியாது. ஆறுக்குக் கிளம்பினால் ஐந்தரைக்கு எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். மிச்சம் ஒன்பது மணி நேரம். அதில் இரண்டு மூன்று மணி காரிலேயே போகும். அந்தக் கடற்கரைகளில் பல, பாறைச் சரிவுக்குக் கீழே இருப்பவை. கெனெபாவில் படி இறங்கித்தான் மணலுக்கே போக வேண்டும். கைத்தடி பிடித்த அம்மா மேலேயே உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருக்க வேண்டியதுதான்.

பையனுக்குக் கடல்தானே வேண்டும்? மாம்போ பீச் டாக்ஸியில் கால் மணி நேரம். அலை தடுப்புக்குள் குளம் மாதிரித் தண்ணீர், கழிப்பறை, நிழல், நாற்காலி எல்லாம் காசு கொடுத்தால் உண்டு. அழகில் மேற்குக் கரைக்குப் பக்கத்தில் வராது, ஒத்துக்கொள்கிறேன்.

#6 அலைமேல்பலகை

மாம்போ பீச் என்பது மணல் கொட்டிய ஷாப்பிங் மால். இதற்கு மேல் நான் பேசவில்லை 😄

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடற்கரை போனாலும் மன்சனீயா மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், சில இடங்களில் எச்சரிக்கைப் பலகை இருக்கும், சில இடங்களில் இருக்காது. பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும், காய் கடும் விஷம். மழை பெய்தால் அதன் அடியில் ஒதுங்கவே கூடாது, இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே சுடும். பையன்கள் கீழே கிடப்பதை எடுத்து எறிந்து விளையாடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

#7 சித்ரான்னம்

சாப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. நான் சொல்கிறேன்.

காலையில் பாஸ்தெச்சி கிடைக்கும். நம்ம சோமாசி மாதிரி அரைவட்டமாக மடித்துப் பொரித்தது, உள்ளே சீஸோ இறைச்சியோ மீனோ இருக்கும். சீஸ் வைத்தது என்று கேட்டு வாங்கலாம், ஆனால் மாவில் முட்டை உண்டா என்று கடைக்குக் கடை விசாரிக்க வேண்டும், எண்ணெயும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இதற்கு உங்கள் அப்பா ஒத்துக்கொள்வாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மதியத்துக்குப் பழைய நகரத்தில் ப்ளாசா பியூ. பழைய சந்தைக் கூடம், உள்ளே வரிசையாகச் சமையல் மேடைகள். அண்டா அண்டாவாக அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும், அதற்கு எதிரிலேயே நீள மேசை, யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். சமைக்கும் அம்மாமார்கள் மூடியைத் திறந்து காட்டுவார்கள். ஆட்டுக்கறி ஸ்டோபா, மீன், சில நாள் உடும்பு மாதிரி இருக்கும் இகுவானா சூப் கூட இருக்கும். உங்கள் அம்மாவை அந்த அண்டாப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள்.

சைவத்துக்கு என்ன? ஃபுஞ்சி உண்டு, சோளமாவைக் கெட்டியாகக் கிண்டியது. வறுத்த வாழைப்பழம் உண்டு. பூசணிக்காய் அடை உண்டு, ஆனால் அதில் முட்டை சேர்ப்பார்கள். தூத்து என்று காராமணி போட்ட ஃபுஞ்சி அருமையாக இருக்கும், அதிலும் பீன்ஸ் சோற்றிலும் உப்புக்கண்டம் சேர்க்கிற வழக்கம் உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆக உங்கள் பெற்றோருக்கு ஃபுஞ்சியும் வாழைப்பழமும் ஊறுகாயும்தான். ஊறுகாய் நீங்கள் கொண்டு போவது!

என் யோசனை: காலையில் கப்பலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடும் கப்பலிலேயே. ஊர் இவ்வளவு பக்கத்தில் இருப்பதன் லாபமே அதுதான். கப்பலிலிருந்து பழத்தையும் சமைத்ததையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், பாக்கெட் பிஸ்கட் பரவாயில்லை. வெளியே பத்தீடோ என்று பழக்கூழ் அடித்துத் தருவார்கள், பால் வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். ருசி!

#8 வடக்குவீதி

சித்ரான்னம் அக்கா, கோடி நன்றி. இகுவானா விஷயத்தை அம்மாவிடம் சொல்லவே மாட்டேன்.

டாலஸ்காரன் சார், என் ஸ்டாம்ப் அடுத்த வருடம் வரை இருக்கிறது.

அந்த மிதவைப் பாலம் திறந்து திறந்து மூடுமாமே? அம்மா அதில் நடக்கும்போது திறந்துவிட்டால்? இன்னொரு சந்தேகம், டாலர் செல்லுமா?

#9 உப்புக்காற்று

குயீன் எம்மா பாலம் 1888இல் கட்டியது. பதினாறு மிதவைகள், மேலே மரப்பலகை, 167 மீட்டர் நீளம். ஒட்ரொபாண்டா பக்கத்து முனை கீலில் மாட்டியிருக்கும், மறுமுனையில் ஒரு சின்ன அறைக்குள் ஓட்டுநர். கால்வாய்க்குள் கப்பல் வரும்போது மணி அடித்து இரண்டு பக்கமும் கம்பிக் கதவை மூடிவிடுவார். அப்புறம் மோட்டார் போட்டு முழுப் பாலத்தையும் ஓட்டிக்கொண்டுபோய்க் கரையோரமாக ஒதுக்கிவிடுவார். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிடுவதில்லை. பாலத்தோடு சேர்ந்து நீங்களும் போக வேண்டியதுதான், ஆபத்து ஒன்றும் இல்லை. உங்கள் பையன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றே காத்திருப்பான் பாருங்கள்.

ஆரஞ்சுக் கொடி ஏற்றினால் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நீலம் என்றால் நேரமாகும். நீலம் பார்த்தால் நிற்க வேண்டாம், பக்கத்திலேயே இலவசப் படகு கரைக்குக் கரை ஓடும். அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை: பாலம் லேசாக ஆடும், பலகை இணைப்புகளில் கைத்தடி நுனி சிக்கும். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். கார்களெல்லாம் 1974இலிருந்து அந்த உயரமான யூலியானா பாலத்தில்தான், அதனால் மிதவைப் பாலத்தில் வண்டித் தொல்லை கிடையாது.

டாலர் எங்கும் செல்லும். 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் வந்துவிட்டது, பழைய அந்தில்லியன் கில்டர் போய்விட்டது. ஒரு டாலருக்கு 1.79, நிலையான மதிப்பு. மீதிச் சில்லறை கில்டரில் கொடுத்தால் அன்றே செலவழித்துவிடுங்கள், சின்ட் மார்ட்டன் தவிர வேறு தீவில் யாரும் வாங்க மாட்டார்கள். டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன் ஐந்து பேருக்குச் சேர்த்து எவ்வளவு, எந்தப் பணத்தில் என்று இரண்டையும் பேசிவிடுங்கள்.

#10 நிழல்பெட்டி

போட்டோ எடுக்கிற ஆள் என்ற முறையில்: ஹாண்டல்ஸ்காடே கட்டடங்கள் மேற்கு பார்த்தவை. காலையில் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகமெல்லாம் இருட்டு. மூன்று மணிக்கு மேல் ஒட்ரொபாண்டா கரையில் நின்று எடுங்கள், மஞ்சளும் நீலமும் அப்போதுதான் எழும். எப்படியும் கப்பலுக்குத் திரும்பும் வழிதானே.

அந்த நிறங்களுக்கு ஒரு கதையும் உண்டு. 1817இல் கிக்கெர்ட் என்ற கவர்னர், வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் தலைவலி வருகிறது என்று வெள்ளை அடிக்கத் தடை போட்டாராம். பெயின்ட் கடையில் அவருக்குப் பங்கு இருந்தது பிற்பாடு தெரியவந்ததாம். வழிகாட்டிகள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள்.

#11 ஏட்டுச்சுரை

பெயின்ட் கடைப் பங்கைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள், அந்த மாடிவீடுகள் எந்தப் பணத்தில் எழும்பின என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். 1634இல் டச்சுக்காரர்கள் ஸ்பெயினிடமிருந்து தீவைப் பிடித்தார்கள். வறண்ட மண், கரும்பு பெரிதாக விளையவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த மனிதர்களை இறக்கி, தெம்பேற்றி, ஸ்பானியக் காலனிகளுக்கு விற்கும் கிடங்காக ஊரை ஆக்கினார்கள். இந்தக் கால்வாய்க் கரைதான் அந்த வியாபாரத்துக்கு வாசல்.

அலைமேல்பலகை சொன்ன கெனெபா கடற்கரைக்கு மேலே இருக்கும் பண்ணையில்தான் 1795 ஆகஸ்ட் 17 அன்று தூலா என்பவர் தலைமையில் அடிமைகள் வேலைக்குப் போக மறுத்தார்கள். பிரான்ஸ் தன் அடிமைகளை விடுவித்துவிட்டது, ஹாலந்து இப்போது பிரான்ஸின் பிடியில், அப்படியென்றால் நாங்களும் சுதந்திரர்கள்தானே என்பது அவர் வாதம். சட்டப் புத்தகத்தை அவர்கள் பக்கமே திருப்பிப் போட்ட வாதம் அது. பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். அக்டோபர் 3ஆம் தேதி அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமைமுறை ஒழிய 1863 ஆகிவிட்டது. இன்று ஆகஸ்ட் 17 அங்கே நினைவு நாள். உங்கள் கப்பல் கட்டக்கூடிய பியரின் பெயரும் அவருடையதுதான்.

#12 அலைமேல்பலகை

ஏட்டுச்சுரை சார், கெனெபா பார்க்கிங்கிலிருந்து அந்தப் பண்ணை வீடு கிட்டத்தில்தான், பலகையைப் பார்த்தும் உள்ளே போகாமல் வந்திருக்கிறேன். அடுத்த தடவை போகிறேன். ஆனால் இவர் எட்டு வயதுப் பையனோடு போகிறார், லீவுக்குப் போகிறார்.

#13 ஏட்டுச்சுரை

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே தம்பி. போகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு போகலாம். பையனிடம் தூலாவைப் பற்றி இரண்டு வரி சொன்னால் அவன் நூறு கேள்வி கேட்பான். பெரியவர்களைவிட அவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

நிழலும் நாற்காலியும் வேண்டிய அம்மாவுக்கு ஒரு இடம் சொல்கிறேன்: மிக்வே இஸ்ரேல் இம்மானுவேல் யூதக் கோயில். 1732ஆம் வருடக் கட்டடம், அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் யூதக் கோயில்களில் இதுவே பழையது. தரை முழுக்க மணல். பாலைவனத்தில் அலைந்த முன்னோர்களின் நினைவு என்பார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒளிந்து தொழுத நாட்களில் காலடிச் சத்தம் கேட்காமலிருக்க மணல் பரப்பிய பழக்கம் என்றும் சொல்வார்கள். சனிக்கிழமை வழிபாட்டு நாள், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

#14 திருச்சி_மெயில்

ராணுவப் புள்ளி டிசைன் டிரவுசர், சட்டை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கரீபியனில் அது குற்றம். பையன் துணியைச் சரிபாருங்கள்.

#15 உப்புக்காற்று

அது பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா போன்ற நாடுகளில். குராசாவில் அப்படித் தடை இல்லை. ஆனால் அதே பயணத்தில் கப்பல் பார்படோஸ் போனால் சிக்கல்தான், வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

#16 டாலஸ்காரன்

மணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் குராசாவ் நேரம் ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா, ஃப்ளோரிடா நேரத்திலேயே வைத்திருக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆபத்து எங்கே என்றால், கப்பல் உள்ளூர் நேரத்துக்கு மாறியிருக்கும், உங்கள் அப்பா கையில் கட்டியிருக்கும் வாட்ச் மாறியிருக்காது. நாலரை என்று நிதானமாகப் பத்தீடோ குடித்துக்கொண்டிருப்பார், கப்பலில் மணி ஐந்தரை. இறங்கும் வாசலில் அன்றைய நேரத்தை எழுதி வைத்திருப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் டூரில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அந்த 90 டாலரில் பாதி இந்தக் காப்பீட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஊருக்குள் சுற்றுபவர்களுக்கு அது தேவையில்லை, மேற்கு ஓரம் போகிறவர்கள் யோசிக்கலாம்.

#17 வடக்குவீதி

இதுவரை போட்ட திட்டம்: காலையில் எல்லோரும் பாலம், பழைய நகரம், யூதக் கோயில். பதினொன்றரைக்கு அப்பா அம்மாவைக் கப்பலில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் மாம்போ பீச். நாலு மணிக்கு ஒட்ரொபாண்டாவில் போட்டோ. நடுவில் நீல மதுபானம் செய்யும் இடம், ஹாடோ குகை இரண்டையும் சேர்க்கலாமா?

#18 சித்ரான்னம்

சேர்க்காதீங்க! குகைக்குப் படி ஏற வேண்டும். மதுபானம் செய்யும் சோபோலோபோ மாளிகை பார்க்க நன்றாக இருக்கும், ஸ்பானியர்கள் நட்ட ஆரஞ்சு அந்த மண்ணில் கசந்துபோய் லாராஹா ஆனது, அதன் காய்ந்த தோலில்தான் செய்கிறார்கள். ஆனால் நீலம் வெறும் சாயம், ருசியில் வித்தியாசம் கிடையாது. உங்கள் வீட்டில் யாரும் குடிக்காத பட்சத்தில் அது எதற்கு? வெயில் வேறு. அந்த ஊர் கிட்டத்தட்ட நம்ம பாண்டிச்சேரி அட்சரேகைதான், கடல்காற்று ஓயாமல் அடிப்பதால் சுடுவது தெரியாது, சாயந்திரம் கண்ணாடி பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்குத் தொப்பி பறக்கும், முந்தானையே போதும்.

#19 வடக்குவீதி

போய் வந்தாகிவிட்டது, கடன் தீர்க்க வந்தேன்.

நாங்கள் நடுப் பாலத்தில் இருக்கும்போதே மணி அடித்தது. பையன் கூச்சல் போட்டான். அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். ஓட்டுநர் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து அம்மாவுக்கு மட்டும் தனியாகக் கையசைத்தார். உள்ளே போனது ஒரு சின்ன இழுவைப் படகு, அதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று அப்பாவுக்கு வருத்தம்.

யூதக் கோயிலில் மணலைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். அங்கே கழற்றத் தேவையில்லை என்றார்கள், கேட்கவில்லை. அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு துணிக்கடையில் சிந்திக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார். தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பேசி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு. மதியம் மூன்று பேர் மாம்போ போவது என்ற திட்டம் இரண்டு பேராகச் சுருங்கியது, மனைவி கடைத்தெருவிலேயே நின்றுவிட்டார்.

போட்டோ அருமை, நிழல்பெட்டி சார் வாழ்க. வாக்குவாதம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் டாக்ஸிக்காரரோடு. ஐந்து பேருக்குப் பேசிய கட்டணத்தையே இரண்டு பேருக்கும் கேட்டார். கொடுக்க வேண்டியதாயிற்று.

#20 மதுரைமல்லி

நல்ல இழை, வரிக்கு வரி படித்தேன். எங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கடைகள் இருக்குமா?

#21 உப்புக்காற்று

ஞாயிறன்று ஊர்க்காரர்களுக்கான கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கப்பல் வரும் நாள் என்றால் கோட்டைக்குள்ளும் பாலத்தைச் சுற்றியும் சில திறப்பார்கள். ப்ளாசா பியூவை நம்பாதீர்கள். பாலம் ஓடும், படகும் ஓடும், அன்று கடற்கரைதான் சரி. அலைமேல்பலகை தம்பியைக் கூப்பிடுங்கள், அவருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.